பழைய துவக்கைத் துடைத்தெடுத்தல்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே செல்பவர்கள் சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில் குச்சவெளியை அடைவர். வலப்புறம் கடல். இடப்புறம் களப்பும் உவர் நிலமும் பற்றைக்காடும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் கடலுக்குள் கிடக்கும் பாறைத் தீவைப் புறாமலை என்று எம்மவர் அழைப்பர். குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அடங்கும் இத்தீவு 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. முருகைக் கற்பாறைகளைப் பார்க்கச் சுழியோடும் உல்லாசப் பயணிகளில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. குடியேற்றவாதக் காலத்தில் பிரித்தானியர் இத்தீவைச் சுடுபயிற்சிக் களமாகப் பயன்படுத்தினர் என்பதே அது. மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழும் ஒரு தீவைச் சூடு பழகுவதற்கென்று தெரிவு செய்தவர்களின் இரசனை பற்றி இங்கு நான் எழுதப் போவதில்லை.

இத்தகவலை அண்மையில் எனக்கு மீண்டும் நினைவூட்டியது கனடாவிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். எழுதியவர் எனக்கு மருமகன் முறையானவர். குச்சவெளியிலிருந்து 1980களின் நடுப்பகுதியில் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை. ரொறன்ரோவில் வளர்ந்து, அங்கேயே ஒரு கனடியப் பெண்ணை மணம் முடித்தவர். மனைவியின் பாட்டனார் காலமானபோது அவருடைய பழைய இராணுவ றைபிள் ஒன்று இவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குரிய உரிமம் தன்னிடம் உண்டு என்றும் குறிப்பிட்டிருந்தார். "மாமா, துடைச்சுப் போட்டு அடுத்த கிழமை சுடுகளத்துக்குக் கொண்டு போகலாம் எண்டு நினைக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்பதே கேள்வி.

போர்க்காலத்தில் செய்தியாளனாக இருந்தவன் என்பதால் ஆயுதங்கள் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று உறவினர்கள் நம்புகின்றனர். என் வாழ்நாளில் ஒரு துவக்கின் விசையையும் நான் அழுத்தியதில்லை. ஆனால் துவக்குகளைப் பற்றி நிறைய வாசிக்கவும், அவற்றைத் திருத்தும் தொழிலாளர் பலருடன் பேசவும் நேர்ந்தது. ஆகவே, சுட வேண்டாம், முதலில் அதை வாசியுங்கள் என்று பதில் எழுதினேன். ஒரு பழைய இராணுவத் துவக்கைத் துடைப்பதற்கும் பரிசோதிப்பதற்கும் படைகள் வகுத்து வைத்திருக்கும் ஒழுங்குகள் சும்மா வந்தவை அல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாருடையவோ கண்ணோ, கையோ, சில வேளைகளில் ஒரு பேரரசின் அமைதியோ பறிபோன கதை ஒன்று இருக்கிறது. மருமகனுக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்போம். சிங்களத்தில் துவக்குவ. மலையாளத்திலும் குடகு மொழியிலும் தோக்கு. எல்லாம் ஒரே துருக்கியச் சொல்லின் வழிவந்தவை. போர்த்துக்கேயர் வந்த பின்னர் இலங்கையின் கொல்லர்கள் துவக்குச் செய்வதில் பெயர் பெற்றனர். அவர்களது துவக்குகளில் பொறி இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம். எமது வன்னியிலும் கிழக்கிலும் அண்மைக்காலம் வரை புழங்கியது இடியன் துவக்கு. குழலின் வாயால் மருந்தையும் பின்னர் சன்னங்களையும் இட்டு, கோலால் இடித்து இறுக்குவதால் அந்தப் பெயர்.

பழைய துவக்கைக் கையில் எடுப்பவர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி இந்த இடியனிலிருந்தே வருகிறது. அது வெறுமையாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது. வேட்டைக்குப் போய் வெடி வைக்காமல் திரும்பி வந்தவர் இடித்த மருந்தை வெளியே எடுப்பது சிரமமான வேலை. அப்படியே மூலையில் சாத்திவிடுவார். அவர் இறந்து ஐம்பது வருடங்களின் பின்னரும் அந்த மருந்து, ஈரம் படாதிருந்தால், உயிரோடு இருக்கும். கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கறுப்பு மருந்துக்கு முதுமை இல்லை என்றே சொல்லலாம். ஆதலால் ஒரு மரக்கோலைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அடையாளமிட்டு, அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடி வரை சென்றிருந்தால் வெறுமை. நான்கு விரல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. சன்னமிட்டு வாயால் நிரப்பும் துவக்குகள் படைகளில் இருந்த காலத்திலிருந்தே வரும் பரிசோதனை இது.

அடுத்தது கொழுப்பின் கதை. கறுப்பு மருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாக எஞ்சும். சில வெடிகளுக்குள் குழல் அடைபடத் தொடங்கிவிடும். வரிப்பள்ளம் வெட்டிய குழலில் இது மேலும் மோசம். 1853இல் பிரித்தானியர் அறிமுகப்படுத்திய என்பீல்ட் றைபிளுக்கு, சன்னம் வழுக்கிச் செல்லவும் கழிவு இளகவும், கொழுப்புத் தடவிய கடதாசித் தோட்டாக்கள் வந்தன. அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும் என்பது கட்டளை. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற ஐயம் பரவியது. 1857 மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே 10இல் மீரட் என்று அடுத்தடுத்து நிகழ்ந்தவை பள்ளிப் பாடநூலில் உள்ளவை. அந்தக் கிளர்ச்சிக்கு ஆழ்ந்த அரசியற் காரணங்கள் பல இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் தீப்பொறி, துவக்கின் குழலைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்ற சாதாரணச் சிக்கலில் இருந்தே பிறந்தது.

மருமகனின் கைக்கு வந்தது அந்தப் பழைய என்பீல்ட் அன்று. அதன் பேரப்பிள்ளை எனலாம். இலங்கையில் பொலிஸ் நிலையங்களிலும் வீதித்தடைகளிலும் நாம் கண்டு பழகிய .303, 'த்ரீ நொட் த்ரீ' என்று சிறுவர்களும் பெயர் சொல்லிய துவக்கு. இதன் போல்ட்டையும் ரவைப் பெட்டியையும் வடிவமைத்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்கொட்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் ஒன்ராறியோவுக்கு வந்து அங்கே வளர்ந்தவர். 1888இல் பிரித்தானியப் படை இவருடைய பொறியை வில்லியம் மெற்போர்ட் வகுத்த ஆழமற்ற வரிப்பள்ளம் கொண்ட குழலுடன் இணைத்து லீ-மெற்போர்ட் என்று ஏற்றுக்கொண்டது. மெற்போர்ட்டின் பள்ளங்கள் வளைவானவை. கறுப்பு மருந்தின் கழிவு மூலைகளில் தங்காதிருக்க அப்படிச் செய்தார். ஆனால் சில ஆண்டுகளுக்குள் கோர்டைற் என்னும் புகையில்லா மருந்து வந்தது. அதன் கடும் சூடு மெற்போர்ட்டின் மென்மையான பள்ளங்களை வெகு விரைவில் தின்றுவிட்டது. கழிவுக்கு மருந்து கண்டவர்கள் சூட்டிடம் தோற்றனர். 1895இல் ஆழமான, கூர்மூலை கொண்ட ஐந்து பள்ளங்களுடன் என்பீல்ட் ஆலையின் குழல் வந்து, லீ-என்பீல்ட் என்ற பெயர் நிலைத்தது.

வட லண்டனில் குடியிருக்கும் வாசகர்களுக்கு என்பீல்ட் தெரிந்த இடம். 1988இல் மூடப்பட்ட அந்த ஆயுத ஆலை நின்ற நிலத்தில் இன்று குடியிருப்பு எழுந்துள்ளது. சென்னை வாசகர்களுக்கு வேறொரு என்பீல்ட் தெரியும். 1890களில் இந்த ஆலைக்கு உதிரிப்பாகங்கள் செய்து கொடுத்த நிறுவனமே அப்பெயரைத் தன் மிதிவண்டிகளுக்கும் பின்னர் மோட்டார் சைக்கிள்களுக்கும் சூட்டிக்கொண்டது. 1955இல் சென்னைக்கு வந்த அந்த வண்டிக்குப் புல்லட் என்ற பெயரும், துவக்கைப் போலச் செய்யப்பட்டது என்ற விளம்பர வாசகமும் வாய்த்தது இவ்வாறுதான்.

மருமகன் அனுப்பிய புகைப்படங்களில் பொறிப்பகுதியின் இடப்பக்கத்தில் லோங் பிராஞ்ச் என்றும் 1943 என்றும் தெளிவாக இருந்தது. எனக்கு ஒரு கணம் வியப்பாகவே இருந்தது. லோங் பிராஞ்ச் ரொறன்ரோவின் மேற்கு விளிம்பில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள பகுதி. ஸ்கார்பரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1940இல் அங்கு அமைக்கப்பட்ட ஆலை, போர் முடிவதற்குள் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நான்காம் இலக்க லீ-என்பீல்ட் றைபிள்களைச் செய்து முடித்தது. உச்சக் கட்டத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆலையின் பரிசோதனைக் கட்டடம் மட்டும் மிசிசாகாவில் எஞ்சி நிற்கிறது. இப்போது அது கலை நிகழ்வுகளுக்கான மண்டபம். எம்மவரின் அரங்கேற்றங்களும் அங்கு நடந்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

இனி, வாசித்தல் என்று நான் கூறியதற்கு வருவோம். துவக்கின் உடம்பில் வெட்டப்பட்டுள்ள எழுத்துகளைத் துடைப்பதற்கு முன் படிக்க வேண்டும். பலர் முதல் வேலையாக உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பளபளப்பாக்கி, அதன் சரித்திரத்தையே அழித்துவிடுகின்றனர். எண்ணெயில் தோய்த்த துணியால் துரு இளகும்வரை பொறுமையாகத் துடைத்தால் போதும்.

எழுத்துகளில் மிக முக்கியமானது டி.பி. என்பது. பயிற்சி நடைக்கு மட்டும் என்று பொருள். தேய்ந்து, சுடத் தகுதியிழந்த றைபிள்களைப் படைகள் எறிவதில்லை. அணிவகுப்புக்குக் கொடுத்துவிடும். தமிழ்நாட்டில் கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் தோளில் சுமந்தவற்றில் பல இத்தகையவை. சிலவற்றில் ரவை அமரும் அறையிலேயே துளையிட்டிருப்பர். சிலவற்றில் எழுத்து மட்டுமே இருக்கும். அதன் மேல் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் எவருக்கும் தெரியாது.

இந்தியாவிலிருந்து வந்த துவக்காயின் இன்னொரு சங்கடம் உண்டு. வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் ஏராளமான .303 றைபிள்களின் குழலைக் குடைந்து, வரிப்பள்ளத்தை நீக்கி, .410 அளவுள்ள மஸ்கட்டுகளாக மாற்றினர். பொலிஸாருக்கும் சிறைக் காவலருக்கும் கொடுப்பதற்காக. ரவைப் பெட்டிக்குள் மரக்கட்டை வைத்து அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு வெடி மட்டுமே வைக்கக்கூடியதாக ஆக்கினர். சொந்த நாட்டுப் பொலிஸ்காரன் கையிலும் முழுத் துவக்கைக் கொடுக்க அஞ்சிய ஆட்சியின் தடயம் அந்த மரக்கட்டை. வெளித்தோற்றத்தில் அது .303 தான், வைத்தால் விபரீதம். அதே இஷாப்பூர் 1962 சீனப் போருக்குப் பின்னர், ஏறத்தாழ அதே வடிவத்தில் 7.62 மில்லிமீற்றர் றைபிளையும் செய்தது. ஆப்கான் எல்லையில் தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரின் கொல்லர்களோ, அரச முடியும் ஆண்டும் உட்பட எல்லாவற்றையும் கையால் வெட்டிப் போலி லீ-என்பீல்ட்டுகள் செய்தனர். ஆங்கிலம் அறியாத உளியால் எழுத்துகள் சில வேளை தலைகீழாகவும் விழுந்திருக்கும். அழகான கைவேலை. ஆனால் அந்த இரும்பு எந்தத் தண்டவாளத்திலிருந்து வந்தது என்பது அல்லாவுக்கே வெளிச்சம். சுவரில் மாட்டுவதற்கு உகந்தவை.

மருமகனின் றைபிளில் டி.பி. இல்லை. போல்ட்டின் கைப்பிடியில் இருந்த இலக்கமும் உடம்பில் இருந்த இலக்கமும் ஒன்றாகவே இருந்தன. இதனை நான் வற்புறுத்திக் கேட்டேன். ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் உடம்புக்கென்று பொருத்தப்பட்டது. படைக்கொட்டில்களில் பத்துத் துவக்குகளைக் கழற்றி, எண்ணெயிட்டு, மாற்றிப் பூட்டிவிட்டால் பத்தும் சந்தேகத்துக்குரியவையாகிவிடும்.

லோங் பிராஞ்ச் றைபிள்களுக்கே உரிய இரண்டு விடயங்களையும் குறிப்பிட்டேன். போர்க்கால அவசரத்தில் போல்ட்டைக் கழற்றும் ஒழுங்கை அங்கே எளிமைப்படுத்தி, போல்ட் ஓடும் தண்டில் ஒரு வெட்டை மட்டும் வைத்தனர். அந்த வெட்டின் ஓரம் உடைவது இந்த வகையின் பரம்பரை நோய். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது குழல். ஐந்து பள்ளம் வெட்ட நேரமின்றி, போரின் நடுவில் இரண்டே பள்ளத்துடன் பெருந்தொகைக் குழல்களைச் செய்தனர். அவை நன்றாகவே சுட்டன. விபரம் அறியாதவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பள்ளமெல்லாம் தேய்ந்து போயிற்று என்று நல்ல குழலைக் கழித்துவிடுவார். மருமகனும் முதலில் அப்படித்தான் கவலைப்பட்டு எழுதியிருந்தார்.

உயிராபத்து உள்ள இடம் வேறு. ரவையின் அடிவிளிம்புக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையிலான இடைவெளி. இதை உருக்கினால் செய்த அளவுத்தட்டுகளால் பார்ப்பர். 0.064 அங்குலத் தட்டின் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குலத் தட்டின் மேல் மூடக் கூடாது. மூடினால் ரவைக் கோது வெடிக்கும்போது பின்னோக்கி நீண்டு, அடிப்பாகம் பிய்ந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் கண்ணை நோக்கி வரும். நான்காம் இலக்க றைபிளில் இதற்கு எளிய பரிகாரம் வைத்திருந்தனர். போல்ட்டின் தலையைத் திருகிக் கழற்றலாம். 0, 1, 2, 3 என்று இலக்கமிட்ட தலைகள் ஒன்றைவிட ஒன்று சற்றே நீளமானவை. கழற்றிப் பூட்டும் வேலை எளிதுதான். அளவு பார்க்கும் வேலையோ வீட்டில் செய்வதற்கு உரியதன்று. மருமகன் கொண்டுபோய்க் காட்டிய துவக்குத் திருத்துநர் 0.074 தட்டை வைத்தபோது போல்ட் முணுமுணுப்பின்றி மூடியது. எழுபது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பொருளை, அடுத்த கிழமை, துடைத்துவிட்டு, என்று எண்ணியிருந்தவருக்கு அந்தச் சிறு ஓசை போதுமான பாடமாக இருந்திருக்கும். முதலாம் இலக்கத் தலைக்குப் பதிலாக இரண்டாம் இலக்கத் தலை பூட்டி, மீண்டும் அளந்து, ஐந்து வெடிகளை முதலில் நிலைச்சட்டத்தில் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றால் இழுத்துப் பார்த்தனர். ஒவ்வொரு வெற்றுக் கோதின் அடியிலும் பளிச்சென்ற வளையக் கோடு விழுந்திருக்கிறதா என்று தேடினர். விழவில்லை. அதன் பிறகே தோளில் வைத்தார்.

குழலின் வாயிலும் ஒரு கதை இருந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சற்று நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அது சூட்டினால் வந்ததன்று, கயிற்றினால் வந்தது. லீ-என்பீல்ட்டின் பிடங்கின் அடியில் ஒரு சிறு கதவு உண்டு. திறந்தால் எண்ணெய்க் குப்பி ஒன்றும், நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய புல்த்ரூ கயிறும் இருக்கும். கயிற்றில் மூன்று கண்ணிகள். நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் என்று வெட்டிய பிளனல் துணித் துண்டை ஒரு கண்ணியில் மாட்டி, குண்டை ரவை அறைப் பக்கமாக இறக்கி, வாய்ப்பக்கமாக ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். துணி இறுகிவிட்டால் பின்னோக்கி இழுத்தெடுக்கவே கடைசிக் கண்ணி. என்.சி.சி.க்காரர்கள் இந்தத் துணியைச் சிந்தி என்பார்கள். கயிற்றைச் சாய்த்து இழுத்தால், மணல் ஏறிய கயிறு அரம் போல வேலை செய்து குழலின் வாயைத் தின்னும். பாட்டனார் படையில் இருந்தபோது நாள்தோறும் சிரத்தையோடு, ஆனால் சற்றே சாய்வாக, ஒரு கைப்பழக்கத்தில் இழுத்திருக்கிறார், அல்லது அவருக்கு முன் அதை வைத்திருந்தவர். துவக்குகளைச் சூட்டைவிட அதிகமாகக் கெடுத்தது துடைப்புத்தான் என்று பழைய ஆயுதத் திருத்துநர்கள் சொல்வதில் மிகையில்லை.

அப்படியானால் ஏன் அவ்வளவு துடைத்தனர்? விடை உப்பு. கோர்டைற் வந்தபின் புகையும் கழிவும் குறைந்தன. ஆயினும் குழல் முன்னிலும் வேகமாகத் துருப்பிடித்தது. ரவையின் அடியில் தீ மூட்டும் சிறு கேப்புக்குள் பொட்டாசியம் குளோரேற் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைட்டாகிக் குழல் முழுவதும் படியும். கறியுப்பின் உடன்பிறப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரவோடிரவாக உருக்கை அரிக்கும். எண்ணெய் பூசினால் உப்பு எண்ணெயின் அடியில் பத்திரமாக உட்கார்ந்து தன் வேலையைச் செய்யும். உப்பைக் கரைப்பது தண்ணீர் மட்டுமே. முதலாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியப் படையின் சூட்டுப் பயிற்சிக் கையேடு கொதிநீர் ஊற்றச் சொன்னது. இரசாயனக் காரணத்தை 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத் திணைக்களத்தின் ஆய்வு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. புனல் வைத்து ரவை அறைப் பக்கமாகக் கொதிநீரை ஊற்றினால் உப்பு கரைந்து போகும். குழல் சூடேறித் தானே உலரும். அதன் பின்னரே துணி, அதன் பின்னரே எண்ணெய். இன்றைய ரவைகளில் இந்த உப்பு இல்லை. பழைய இராணுவ ரவைகள் மலிவாகக் கிடைத்தால் வாங்குபவர்கள் கேத்தலை மறக்கக் கூடாது. நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் கரையில் சைக்கிள் சங்கிலிக்கே கிழமைக்கொருமுறை எண்ணெய் விட வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, மெய்யான பழம்பொருளான துவக்கை அலங்காரத்துக்கென்று வைத்திருக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அதைச் சுட வேண்டும் என்று எண்ணிய கணத்திலிருந்து தேவை. பொருள் ஒன்றே, எண்ணம் மாறினால் சட்டத்தின் கண்ணில் பொருளும் மாறிவிடுகிறது. கனடாவில் 1898க்கு முன்னர் செய்யப்பட்டவையே பழம்பொருள் ஆகக்கூடும். லோங் பிராஞ்ச் றைபிளுக்கு உரிமம் இன்றியமையாதது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமே இன்றும், திருத்தங்களுடன், நடைமுறையில் உள்ளது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். தந்தையின் துவக்கு என்பதால் மகன் வைத்திருக்கலாம் என்ற நியாயம் செல்லாது.

பரம்பரைத் துவக்கைத் துடைப்பதையே திருவிழாவாகக் கொண்டாடுவோர் எமக்கு வெகு தொலைவில் இல்லை. குடகு நாட்டுக் கொடவர்கள் செப்டெம்பர் முற்பகுதியில் கைல்போது என்னும் ஆயுத விழா எடுக்கின்றனர். நாற்று நடவு முடிந்ததும் வீட்டுத் துவக்குகளையும் கத்திகளையும் துடைத்து, பூசையறையில் வைத்து, தோக்குப்பூ சூட்டி வணங்குவர். பின்னர் உயர்ந்த மரத்தில் தேங்காயைக் கட்டிக் குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கும். தோக்குப்பூ என்றால் துவக்குப்பூ. அது வேறொன்றுமன்று, நமது காந்தள், ஈழத்தில் கார்த்திகைப்பூ. ஒரே பூ இரண்டு மண்ணில் எவ்விதம் வெவ்வேறு பொருள் பெற்றிருக்கிறது என்பதை வாசகர்களின் எண்ணத்துக்கே விடுகிறேன். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியா முழுவதும் ஆயுதங்களைப் பறித்த பிரித்தானியர், 1861இல் கொடவர்களுக்கு மட்டும் விலக்களித்தனர். சுதந்திர இந்தியாவிலும் அது தொடர்கிறது. 2019இல் மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதனைச் சரியென்றது. ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை ஏன் என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும், கையிலிருந்து கைக்கு மாறும் பழக்கம் அறுபடாததால், தேங்காயைச் சுடும் இளைஞனுக்குத் துவக்கைத் துடைக்கவும் தெரிந்திருக்கிறது.

எமது பக்கத்தில் அந்தக் கை அறுபட்டுவிட்டது. குச்சவெளி, திரியாய், தென்னமரவாடி என்று நீளும் அந்தக் கரையோரத்தில் பன்றியும் யானையும் வயலுக்கு வரும். உரிமம் பெற்ற துவக்குகள் சில வீடுகளில் இருந்தன. 1980களின் நடுப்பகுதிக்குள் அவற்றில் அநேகமாக எல்லாமே வீடுகளை விட்டுப் போய்விட்டன. சிலவற்றை அரசு பெற்றுக்கொண்டது, சிலவற்றை இயக்கங்கள் கொண்டு சென்றன. 1985இல் திரியாய் எரிந்தது. பின்னர் ஊர்களும் மனிதர்களை இழந்தன. யானை மட்டும் போகவில்லை. காட்டோரங்களில் கட்டுத்துவக்கு என்னும் பொறித்துவக்குகள் இன்றும் விலங்குகளையும் சில வேளை விறகுக்குப் போன மனிதரையும் கால் முறிக்கின்றன. தண்ணீர்க் குழாயைக் குழலாக்கிச் செய்யப்படும் அவற்றுக்குப் பரிசோதனையும் இல்லை, துடைப்பும் இல்லை.

போர் முடிந்த பின்னர் குச்சவெளிப் பக்கம் சென்றிருந்தபோது ஒரு பெரியவரிடம் இந்தப் பேச்சு எழுந்தது. தமது தகப்பனார் இடியன் துவக்கை எவ்வாறு பேணினார் என்று விபரித்தார். வெடி வைத்த அன்றே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, தும்பு சுற்றிய கோலால் துடைத்து, அடுப்புக்கு மேலே பரணில் புகைபட வைப்பாராம். பிரித்தானியக் கையேட்டை அவர் கண்டிருக்க மாட்டார். துவக்கை 1985இல் அதிகாரிகளிடம் ஒப்படைத்ததாகச் சொன்னார். அதற்குத் தந்த பற்றுச்சீட்டைக் காணி உறுதியோடும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே பொலித்தீன் பைக்குள் வைத்து, நான்கு இடப்பெயர்வுகளில் காப்பாற்றி வந்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். மை மங்கியிருந்தது, துவக்கின் இலக்கம் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. திருப்பித் தருவார்களா என்று என்னைக் கேட்டார். பத்திரிகையாளனிடம் எல்லோரும் கேட்கும் கேள்விதான். உரிமம் காலாவதியாகிவிட்டது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் கிடைப்பது அரிது என்று நான் அறிந்ததைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, சீட்டை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தார். அருகில் நின்ற மகன், அதைத் தான் ஏற்கனவே பிரதி எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.